1,000 ரூபாய் உளியா, 200 ரூபாய் உளியா?

சனிக்கிழமை மாலை. கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காந்தி பூங்காவைத் தாண்டிச் சாலைக் கடைவீதிக்குள் நுழைகிறவர்களில் பலருடைய சட்டைப் பையில் அன்று வாரக் கூலி இருக்கும். ஊருக்கு அனுப்ப வேண்டியதை ஒதுக்கி, அறை வாடகையை ஒதுக்கி, சாப்பாட்டுக் கடைப் பாக்கியை ஒதுக்கி, மிச்சமிருப்பதில்தான் தொழிலுக்கு வேண்டிய சாமான் வாங்கவேண்டும்.

அப்படி ஒரு மாலையில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தார் தக்கலைப் பக்கத்து இளைஞர் ஒருவர். இடது கையில் ஓர் உளி. வலது கையில் இன்னோர் உளி. இரண்டும் ஓர் அங்குல அகலம். ஒன்றின் பிடி பளபளப்பான பிளாஸ்டிக். மற்றொன்றின் பிடி மரம், அதற்குப் பித்தளைப் பூண். ஒன்று 200 ரூபாய் அளவில். மற்றொன்று ஏறக்குறைய 1,000.

"அண்ணாச்சி, ரெண்டும் உளிதானே? இதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"இது வெளிநாட்டுச் சாமான், தம்பி. வாங்கினா உன் பிள்ளை காலத்துக்கும் கிடக்கும்" என்றார் கடைக்காரர்.

அருகில் ஆணி வாங்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நாற்பது ஆண்டுகளாக இந்த நகரில் நிலையும் கதவும் செய்து வருபவர், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மக்கா, கிடக்கிறதுக்கா உளி வாங்குவ? வேலை செய்யுறதுக்குல்லா வாங்குவ!"

கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் இளைஞரின் சந்தேகம் தீரவில்லை. அது அவர் ஒருவருடைய சந்தேகம் மட்டுமல்ல. மரவேலை செய்து பிழைக்கும் ஒவ்வொருவரும், வீட்டில் சில்லறை வேலை பார்த்துக்கொள்ள ஒரு பெட்டிச் சாமான் வாங்கலாமா என்று எண்ணும் மாதச் சம்பளக்காரரும், என்றாவது ஒருநாள் கேட்டுக்கொள்ளும் கேள்விதான். விலை உயர்ந்த கருவி அந்த விலைக்குத் தகுமா?

122 குதிரைகளைச் செதுக்கிய உளி

இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர் கடைவீதியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது குதிரமாளிகை. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய அரண்மனை. இறவாரத்துக்குக் கீழே வரிசையாக மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கின்றன. அதனால்தான் அந்தப் பெயர்.

அக்குதிரைகளைச் செதுக்கிய காலத்தில் மின்சாரம் கிடையாது. துளை போடும் மோட்டார் கிடையாது. உளி, வாய்ச்சி, ரம்பம், கொட்டாப்புளி, சாணைக்கல் இவ்வளவுதான். அந்த உளிகளின் மேல் எந்தக் கம்பெனியின் முத்திரையும் இருந்திருக்காது. அப்படியானால், 'கருவியில் ஒன்றுமில்லை, கைத்திறனில்தான் எல்லாம் இருக்கிறது' என்று முடிவு செய்துவிடலாமா?

பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. அந்தக் காலத்து ஆசாரி மட்டமான உளியை வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை. அவருக்கு உளி அடித்துக் கொடுத்தவர் ஊர்க் கொல்லர். எந்த மரத்துக்கு, என்ன வேலைக்கு என்று கேட்டு, அதற்கேற்றபடி அடித்துக் கொடுப்பார். வாய் மடங்கினால் மறுநாளே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மறுபடி உலையில் இட்டுத் தோய்ச்சல் போட்டுக் கொடுப்பார். உளிக்கு முத்திரை இல்லாவிட்டாலும் பொறுப்பாளி இருந்தார்.

இன்று அந்தப் பொறுப்பாளியைக் கடைவீதியில் காணோம். உளியைச் செய்தவர் எங்கோ இருக்கிறார். வாங்குகிறவர் இங்கே இருக்கிறார். இடையில் நிற்பது பெட்டியும் பெயரும்தான். கூடுதல் விலை கொடுக்கிறவர் உண்மையில் அந்தப் பழைய கொல்லரின் பொறுப்பைத்தான் விலைக்கு வாங்குகிறார். கொடுத்த பணத்துக்கு அந்தப் பொறுப்பு கிடைக்கிறதா என்பதே கேள்வி.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

உளியில் விலை பெறும் விஷயம் எது? பிடியா, பூணா, பளபளப்பா? எதுவுமில்லை. உருக்கும், அதற்குப் போட்ட தோய்ச்சலும்தான்.

சாதாரண இரும்புக் கம்பியில் கரி அணுக்கள் மிகக் குறைவு. நூற்றுக்குக் கால் பங்குகூட இராது. அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கூர் நிற்கும் அளவுக்கு இறுகாது. நூற்றுக்கு முக்கால் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரி சேர்ந்த உருக்குதான் உளிக்கு ஏற்றது. அதை 800 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் கண்ணாடிபோல் இறுகிவிடும். அப்படியே விட்டால் ஓர் அடியில் உடைந்துபோகும். ஆகவே மறுபடியும் மெதுவாகச் சூடாக்கி, கடினத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தேய்த்து வெளுத்த உருக்கின் மேல் வைக்கோல் நிறம் வரும்போது சூடு ஏறக்குறைய 220, 230 டிகிரி. அது உளிக்கு ஏற்ற பதம். நீல நிறம் வந்துவிட்டால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது என்று பொருள். அது ஸ்பிரிங்குக்கு ஆகும், உளிக்கு ஆகாது.

இந்தக் கடினத்தை ராக்வெல் என்ற அளவுகோலால் அளக்கிறார்கள். நல்ல மரவேலை உளிகள் அதன் 'சி' வரிசையில் 58 முதல் 62 வரை இருக்கும். அதற்கு நன்றாகக் குறைந்தால் வாய் மடங்கும். மிகுந்தால் வாய் உதிரும். இந்தச் சிறிய இடைவெளிக்குள் ஒவ்வோர் உளியையும் தவறாமல் கொண்டுவந்து நிறுத்துவதற்குத்தான் செலவு பிடிக்கிறது. விலை குறைந்த உளிகள் எல்லாமே மட்டம் என்று சொல்வதற்கில்லை. ஒரே பெட்டியில் ஒன்று நன்றாகவும் ஒன்று சுமாராகவும் இருக்கும். விலை கூடிய சரக்கில் அந்த அதிர்ஷ்டப் பரீட்சை குறைவு. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பிடியும் பளபளப்பும்தான். மட்டமான சரக்கு விற்பவர் செலவழிப்பதும் அவற்றில்தான்.

நம் நாட்டு உருக்கும் ஷெபீல்டு உருக்கும்

வெளிநாட்டு முத்திரை என்றதும் மயங்குகிறவர்கள் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்வது நல்லது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்த உருக்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் அகழ்வாய்வு செய்தபோது இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்தன. லண்டனில் மைக்கேல் பாரடே, பின்னாளில் மின்சார ஆராய்ச்சியில் பெரும்பெயர் பெற்ற அதே பாரடே, கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து இந்திய உருக்கை ஆராய்ந்து, அதைப்போல் செய்து பார்க்க முயன்று, 1820-இல் கட்டுரை வெளியிட்டார்.

இங்கிலாந்தில் கருவிகளுக்குப் பேர்போன நகரம் ஷெபீல்டு. அந்த நகரத்து உருக்குக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சேலத்து இரும்புக் கல்லை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், பிறகு தாய்நாடு திரும்பி, உருக்குடன் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு உருக்குத் தொழிலுக்கு அது பெரிய உதவியாக அமைந்தது.

இரும்பு இழைப்புளியின் கதையும் இப்படித்தான். இங்கே சிந்தேர் என்று சொல்கிறோமே, அதில் இன்று உலகெங்கும் வழங்கும் இரும்பு மாதிரி அமெரிக்கரான லெனார்டு பெய்லி வகுத்தது. 1869-இல் ஸ்டான்லி கம்பெனி அவருடைய உரிமைகளை வாங்கிற்று. அந்த உரிமைகள் காலாவதியான பிறகு ஜலந்தரிலும் லூதியானாவிலும் ஷெபீல்டிலும் அதே வடிவத்தில் செய்தார்கள். அமெரிக்காவில் 1981-இல் தொடங்கிய லீ-நீல்சன் கம்பெனி இன்று மிக அதிக விலைக்கு விற்கும் இழைப்புளிகளும் பெரும்பாலும் பழைய மாதிரிகளைத் தழுவியவைதான். வார்ப்பு கனமானது; அலகு தடிப்பானது; அடிப்பாகத்தை ஒழுங்காகக் கடைந்திருப்பார்கள். வடிவம் ஏறக்குறைய ஒன்றே, செய்நேர்த்தியில்தான் வித்தியாசம்.

இதிலிருந்து விளங்குவது என்ன? நல்ல கருவிக்கு நாடு காரணமல்ல. செய்தவர் எடுத்துக்கொண்ட சிரத்தைதான் காரணம். அந்தச் சிரத்தையில் ஒரு பகுதியை, வாங்குகிறவரே கைப்பாடுபட்டு ஈடுகட்டவும் முடியும். மலிவான இழைப்புளியின் அடிப்பாகம் நேராக இல்லாவிட்டால், தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி ஒருநாள் தேய்த்து நேராக்கலாம். அலகின் மேல் படியும் தகட்டில் இடைவெளி இருந்தால் அரத்தால் சரிசெய்யலாம். இப்படிச் சரிசெய்த மலிவுக் கருவி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உருக்கின் தோய்ச்சல் மட்டும் தப்பாயிருந்தால், வீட்டில் உட்கார்ந்து தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

ஒரு சின்னக் கணக்கு

வாதத்தை விட்டுக் கணக்குக்கு வருவோம். ஓர் உளி 200 ரூபாய், மற்றோர் உளி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை வித்தியாசம் 800 ரூபாய். நாள் கூலி 1,000 ரூபாய்; வேலை 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம்.

சுமாரான உளியை நாளுக்கு 6 தடவை தீட்ட வேண்டியிருக்கிறது. நல்ல உளியை 2 தடவை தீட்டினால் போதும். ஒரு தடவை தீட்ட 5 நிமிடம். ஒன்றுக்கு 30 நிமிடம் போகிறது. மற்றொன்றுக்கு 10 நிமிடம். நாளொன்றுக்கு மிச்சம் 20 நிமிடம். கூலிக் கணக்கில் ஏறக்குறைய 42 ரூபாய். அப்படியானால் கூடுதலாகக் கொடுத்த 800 ரூபாய் உளி பிடிக்கும் வேலைநாள் 20-க்குள் திரும்பி வந்துவிடும்.

நாள்தோறும் உளி பிடிக்கிறவருக்கு ஒரு மாதம்கூட ஆகாது. வாரத்தில் ஒருநாள் மட்டும் உளிவேலை பார்க்கிறவருக்கு நாலைந்து மாதம். அலமாரிக் கதவு இறுகிக்கொண்டால் வருஷத்துக்கு இரண்டு தடவை உளியைக் கையில் எடுக்கும் ஆபீஸ் ஊழியருக்கோ, அந்த இரண்டு தடவையும் நாள் முழுவதும் செதுக்கினாலும், பத்து வருஷம்! அவர் 200 ரூபாய் உளியை வாங்கி, நன்றாகத் தீட்டி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மிச்சப் பணத்தில் குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம்.

மிச்சமான நேரம் யாருக்கு?

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. மிச்சமாகும் 20 நிமிடம் யாருக்குச் சேர்கிறது?

மொத்தமாகப் பேசி வேலை எடுப்பவருக்கு அது அவர் பணம். ஒரு கதவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டவர் சீக்கிரம் முடித்தால் அடுத்த கதவுக்குப் போகலாம். ஆனால் நாள் கூலிக்குப் போகிறவருக்கு? அவர் எவ்வளவு சீக்கிரம் முடித்தாலும் மாலையில் கிடைப்பது அதே கூலிதான். நேரத்தின் லாபம் வேலை கொடுப்பவருக்குப் போகிறது. கைக்கருவி வாங்கிய செலவு மட்டும் பெரும்பாலும் தொழிலாளியின் தலையில் விழுகிறது.

'கான்ட்ராக்டருக்கு லாபம் வர நான் ஏன் ஆயிரம் ரூபாய் உளி வாங்க வேண்டும்?' என்று சில தொழிலாளிகள் கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வி.

ஆனாலும் அவர்கள் பக்கத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. அது மணிக்கட்டு. மழுங்கிய உளிக்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். பலம் கொடுத்து அடிக்கும் உளிதான் சறுக்கும். சறுக்குகிற உளிதான் இடது கையைப் பதம் பார்க்கும். தேக்கு மரத்தில் மணல்போன்ற சத்து கலந்திருப்பதால் அது கூரைச் சீக்கிரம் மழுக்கும். பிளைவுட்டில் உள்ள பசையும் அப்படியே. அயனி, இங்கே ஆஞ்சிலி என்கிறார்களே, அதிலும் பலாவிலும் வேலை செய்து பழகிய கை பிளைவுட்டுக்கு மாறும்போது, முன்னைவிட அடிக்கடி தீட்ட வேண்டியிருப்பதை உணரும். கையில் காயம் பட்டு நான்கு நாள் அறையில் படுத்தால் கூலி கிடையாது. சொந்த ஊராக இருந்தால் ஒருவேளைக் கஞ்சிக்காவது வழி உண்டு. பிழைக்க வந்த ஊரில் அதுவும் கடைச் சாப்பாடுதான்.

இன்னொன்று, பெயர். சுத்தமாக வேலை முடிக்கிறவரை மேஸ்திரி அடுத்த வேலைக்கும் தேடி அழைப்பார். வெளியூர்த் தொழிலாளிக்கு அந்த அழைப்பே பெரிய சொத்து.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓர் அறையில் ஐந்தாறு பேர் தங்கி, கருவிகளைச் சாக்குப் பையில் கட்டிக் கட்டடத்துக்குக் கட்டடம் சுமந்து போகிற வாழ்க்கையில் கருவி தொலைவது அதிசயமல்ல. கட்டடத்தில் வைத்தது மறுநாள் காணாமல் போகும். இரவல் வாங்கியவர் ஊருக்குப் போய்விடுவார். 200 ரூபாய் உளி தொலைந்தால் ஒருவேளை வருத்தம்; 1,000 ரூபாய் உளி தொலைந்தால் ஒருநாள் உழைப்பு போச்சு. பூட்டி வைக்கப் பெட்டியும் இடமும் இல்லாதவர் உயர்ந்த கருவி வாங்குமுன் ஒரு நல்ல பூட்டு வாங்குவது மேல்.

எங்கே செலவு, எங்கே சிக்கனம்?

ஆகவே 'எல்லாம் உயர்ந்ததாக வாங்கு' என்பதும் தவறு. 'எல்லாம் மலிவாக வாங்கு' என்பதும் தவறு. கருவிகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதலாவது, வெட்டும் கருவிகள்: உளி, இழைப்புளியின் அலகு, துளை போடும் பிட், ரம்பம். இவற்றில் தோய்ச்சலே பிரதானம். பணத்தை இங்கே போடலாம். ஆறு உளி அடங்கிய மலிவுப் பெட்டியைவிட, தினமும் உபயோகப்படும் இரண்டு அகலங்களில் இரண்டே நல்ல உளி மேல். அரை அங்குலமும் ஓர் அங்குலமும் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். ரம்பம் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பல்லின் நுனி மட்டும் கருநீலமாக இருந்தால் அது மின்சார முறையில் இறுக்கிய பல். நெடுநாள் கூர் நிற்கும். ஆனால் மழுங்கினால் அரம் பிடிக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான். அரத்தால் கூர்போட்டுப் பழகியவர் பழைய மாதிரி ரம்பமே வாங்கட்டும்.

இரண்டாவது, அடிக்கும் கருவி, பிடிக்கும் கருவி, அளக்கும் கருவி: கொட்டாப்புளி, கிளாம்ப், கோடு கிழிக்கும் கட்டை, மூலைமட்டம். இங்கே தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். கொட்டாப்புளியை மிஞ்சிய மரத்துண்டில் கையாலேயே செய்துகொள்ளலாம். மூலைமட்டம் சரியா என்று பார்க்க ஒரு பென்சில் போதும். நேரான பலகை ஓரத்தில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தை மறுபக்கம் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாகப் படிந்தால் மட்டம் சரி. விலகினால், விலகலில் பாதி மட்டத்தின் பிழை. இந்தப் பரீட்சையில் தேறிய மலிவு மட்டம், பெரிய விலை மட்டத்துக்குச் சமம்தான்.

மூன்றாவது, மின்சாரக் கருவிகள். இங்கே பேச்சு லாபத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. ஒயர் உறை, சுவிட்ச், ரம்பத்தட்டை மூடும் காப்பு, இவை மட்டமாக இருந்தால் மிச்சம் பிடித்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். இரும்பு அறுக்கும் சிறிய கிரைண்டரில் காப்பைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல்தட்டை மாட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. அது எந்த விலைக் கருவியிலும் செய்யத் தகாத காரியம். வாங்குமுன், கார்பன் பிரஷ் முதலிய உதிரிப் பாகங்கள் இந்த ஊரிலேயே கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பேர்போன முத்திரையைக் காட்டிப் போலிச் சரக்கு விற்பதும் உண்டு. பில் கொடுக்கத் தயங்கும் இடத்தில் பெரிய பெயரைப் பெரிய விலைக்கு வாங்க வேண்டாம்.

இவை மூன்றுக்கும் மேலாக ஒன்று இருக்கிறது. சாணைக்கல். கருவிப் பெட்டியிலேயே லாபம் தரும் முதலீடு அதுதான். ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நைஸுமான கல்லும், வார் அடிக்க ஒரு தோல்துண்டும் இருந்தால், 25 டிகிரி சரிவில் வாயைச் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் தீட்டி முடிக்கலாம். தீட்டத் தெரிந்தவர் கையில் 200 ரூபாய் உளி, தீட்டத் தெரியாதவரின் 1,000 ரூபாய் உளியைவிட நன்றாக வெட்டும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: மோட்டார்ச் சாணையில் அழுத்திப் பிடித்து வாய் நீலம் பாய்ந்துவிட்டால், எவ்வளவு உயர்ந்த உளியானாலும் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விடும். அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பிடிக்க வேண்டும்.

வாங்கிய உளியைப் பரீட்சை செய்வதும் சுலபம். நன்றாகத் தீட்டி, கெட்டியான மரத்தில் கணுவுள்ள இடத்தில் பத்துப் பதினைந்து அடி அடித்துப் பார்க்க வேண்டும். வாய் மடங்கினால் உருக்கு மெது. பொடிப்பொடியாக உதிர்ந்தால் தோய்ச்சல் மிகுதி. உடனே தள்ளிவிட வேண்டாம். ஆலையில் சாணை பிடிக்கும்போதே நுனி சூடேறிப் பதம் கெட்டிருக்கலாம். ஒன்றிரண்டு நூல் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தால், உள்ளே நல்ல உருக்கு இருப்பதும் உண்டு. அப்போதும் தேறாவிட்டால், அந்த மாதிரியைத் திரும்ப வாங்காமல் இருப்பதே பாடம்.

அரசாங்க உதவி வரும்போது

கைவினைஞர்களுக்காக மத்திய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் மரவேலை உள்ளிட்ட 18 தொழில்கள் சேர்ந்துள்ளன. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி, ரொக்கமாக அல்லாமல் மின்னணுச் சீட்டாகக் கிடைக்கும் என்று அதில் வகுத்திருக்கிறார்கள். தமிழக அரசு அத்திட்டத்தை அந்த வடிவில் ஏற்பதில்லை என்று 2024 நவம்பரில் அறிவித்து, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்ற கடனுதவித் திட்டத்தைத் தொடங்கியது. எல்லைக்கு இப்புறம் வேலையும் அப்புறம் வீடுமாக இருக்கும் நம்மவர்கள், தங்கள் ஆதார் முகவரி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து, எந்தத் திட்டத்துக்கு மனுச் செய்யலாம் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்படி ஒரு தொகை வரும்போதுதான் மேலே சொன்ன கணக்கு உதவும். இனாமாக வருகிறது என்று இருபது சாமான் அடங்கிய பெட்டியை அள்ளிக்கொண்டு வந்து, அதில் பதினைந்து துருப்பிடிக்க விடுவது ஒரு வழி. நாள்தோறும் கை தொடும் நாலைந்து கருவிகளை நல்லதாக வாங்குவது மற்றொரு வழி. கடன் வாங்கிக் கருவி வாங்குவதானால், அந்தக் கருவி அசலையும் வட்டியையும் சம்பாதித்துக் கொடுக்குமா என்பதை எழுதிப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். உயர்ந்த உளி நல்லதுதான். ஆனால் அதற்காகக் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பது நல்லதல்ல.

கடை வாசலில் நின்ற இளைஞர் கடைசியில் என்ன வாங்கினார்?

முதியவர் அவர் கையிலிருந்த இரண்டு உளிகளையும் வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தட்டையான பக்கத்தில் கடைக்காரரின் உருக்கு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் காட்டினார். மலிவு உளியின் நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. மற்றதில் தெரியவில்லை.

"தினமும் நிலைக்குத் துளை போடுறியா, இல்ல பிளைவுட் ஒட்டுறியா?" என்று கேட்டார்.

"நிலை வேலைதான் தாத்தா."

"அப்போ அரை அங்குலத்துல நல்லதா ஒண்ணு எடு. ஓர் அங்குலம் இப்போதைக்கு மலிவானதே போதும். வளைவை நீயே தேச்சு எடுத்துக்கலாம். தீட்டுற கல் வச்சிருக்கியா?"

இளைஞர் தலையைச் சொறிந்தார். கூட வேலை செய்கிறவருடைய கல்லில் தீட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

"கல்லை இரவல் வாங்குறவனுக்கு ஆயிரம் ரூபாய் உளி எதுக்கு?" என்றார் முதியவர். "முதல்ல கல்லு வாங்கு. நல்ல உளி அடுத்த சனிக்கிழமை வாங்கிக்கலாம். அண்ணாச்சி கடை எங்கேயும் ஓடிப் போகாது."

அன்று அந்த இளைஞர் வாங்கிச் சென்றது ஒரு சாணைக்கல்லும், மலிவான ஓர் அங்குல உளியும். பித்தளைப் பூண் போட்ட உளியைக் கடைக்காரர் துடைத்து மறுபடி கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். வியாபாரம் குறைந்ததே என்று அவருக்கு வருத்தமாகத் தெரியவில்லை. கல் வாங்கிக்கொண்டு போனவர் நல்ல உளிக்குத் திரும்பி வருவார் என்று கடைவீதிக்காரருக்குத் தெரியும்.